ஓடுகிறதா என்று கேட்காதீர்கள்

தம்பி குற்றமற்றவன் என்று நீதிபதி வாசித்தபோது தையல்காரி அழுதுவிட்டாள். அவசரப்பட்டு அழுதுவிட்டோம் என்பது சிறைவாசலுக்குப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் கார்களுக்கும் வேன்களுக்கும் சீட் உறை தைப்பவள். தம்பி சரக்கு வேன் ஓட்டுபவன். வேனில் ஏற்றிய டயர்களைக் காணோம் என்று முதலாளி புகார் கொடுத்தார், தம்பியை உள்ளே தள்ளினார்கள். பிறகு அந்த டயர்கள் முதலாளியின் மச்சான் வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் சமர்த்தாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. முதலாளி நீதிமன்றத்தில் 'மறந்துவிட்டேன்' என்றார். பெரிய மனிதர்களுக்கு மறதி வருவது இயற்கை என்று அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

சிறைவாசல் காவலர் தீர்ப்பின் நகலைக் கையால்கூடத் தொடவில்லை.

"தாள்ல இருந்தா செல்லாதும்மா. தாள்ல யார் வேணா என்ன வேணா எழுதலாம். திரையில வரணும்."

"முத்திரை இருக்கு சார். நீதிபதி கையெழுத்து இருக்கு."

"திரையில வரணும்" என்றார் காவலர், முதல் தடவை சொன்ன அதே குரலில்.

அவர் தன் கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். 'இந்தப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை' என்று அதில் எழுதியிருந்தது. விடுதலை ஆணைகளையெல்லாம் வெளியிடுவதற்கு ஊரின் மறுகோடியில் ஒரு துறை இருக்கிறது, அங்கே சர்வர் என்று ஒரு இயந்திரம் இருக்கிறது, அது ஓடினால் திரையில் ஆணை வரும், வந்தால் கதவு திறக்கும் என்று விளக்கினார்.

"அந்த ஆணைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் உயிர். அதுக்குள்ள வரலன்னா காலாவதி. மறுபடி நீதிமன்றத்துலதான் கேட்கணும். அவங்க அன்னிக்கே நீண்ட விடுமுறைக்குப் பூட்டிட்டுப் போயிடுவாங்க."

"அந்த சர்வர் இப்ப ஓடுதா சார்?"

"அதைத்தான் தினமும் காலையில ஃபோன் பண்ணிக் கேட்கிறேன். ஓடுதுன்னு அவங்க உறுதிப்படுத்தாம நான் பக்கத்தைத் திறந்து பார்க்கக் கூடாது. விதி அப்படி."

பொறுப்பான மனிதர்தான் போலிருக்கிறது என்று தையல்காரி நினைத்தாள். எவ்வளவு பொறுப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

துறையின் கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு நீண்ட தாழ்வாரம், தாழ்வாரத்தின் இருபக்கமும் மர பெஞ்சுகள், பெஞ்சு நிறைய ஜனம். தாழ்வாரத்தின் கோடியில் கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை ஒன்று. அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டி, அதன் நெற்றியில் பச்சை விளக்கு. அதுதான் சர்வர். கண்ணாடிக்கு முன்னால் ஒரு முக்காலியில், இயந்திரத்தை நிறுத்துவதும் தொடங்குவதும் மட்டுமே வேலையாகக் கொண்ட ஒரு நடுவயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் ஸ்விட்ச் என்று கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

தையல்காரி கண்காணிப்பாளரின் மேசைக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு, உலகத்திலேயே எளிமையான கேள்வியைக் கேட்டாள்.

"சார், சர்வர் ஓடுதுங்களா?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். வேலை வந்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. "ஸ்விட்ச்! ஒரு சோதனை!" என்று குரல் கொடுத்தார்.

ஸ்விட்ச் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், உள்ளே போனார், பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு அணைந்தது. பெஞ்சில் இருந்த ஜனம் மொத்தமும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது.

"நின்னுடுச்சு சார்" என்றார் ஸ்விட்ச்.

"பாத்தீங்களாம்மா? நின்னுடுச்சு. நின்னுடுச்சுன்னா என்ன அர்த்தம்? அதுவரைக்கும் ஓடிச்சுன்னு அர்த்தம். ஓடாத ஒண்ணை நிறுத்த முடியாதில்ல? ஆக, நீங்க கேட்டப்ப ஓடிச்சு. உறுதி."

தையல்காரி அணைந்த விளக்கைப் பார்த்தாள். "இப்ப?"

"இப்ப எப்படி ஓடும்? நிறுத்திட்டோமே."

"பச்சை விளக்கு எரிஞ்சுதே சார். அதைப் பாத்தாலே ஓடுதுன்னு தெரியுமே."

கண்காணிப்பாளர் பொறுமையான மனிதர். "விளக்கு எரியுதுன்னா விளக்கு எரியுதுன்னுதான் அர்த்தம். சர்வர் ஓடுதுன்னு சொல்ற அதிகாரம் விளக்குக்குக் கிடையாது. எங்க சோதனைக்குத்தான் உண்டு. இந்த முறையை வகுத்ததே நான்தான். அதுக்கு முன்னாடி, ஓடுதான்னு யாராவது கேட்டா ஓடுதுன்னு சும்மா வாயால சொல்லிட்டிருந்தாங்க. சொல்லிப் பாருங்க, அதுல என்ன ஆதாரம் இருக்கு?"

மறுபடி தொடங்க இயக்குநரின் உத்தரவு வேண்டும். இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் எதைப் பற்றி என்று ஸ்விட்ச்சைக் கேட்டாள். சர்வர் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்பதைப் பற்றி என்றார்.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்திருந்தார். மருமகனின் விடுதலைக்காக வந்தவர்.

"நீயும் கேட்டுட்டியா?" என்றார் அலுப்போடு. "இப்பத்தான் ரொம்ப நேரமா யாரும் கேட்காம இருந்தாங்க. நல்லா ஓடிட்டிருந்துச்சு."

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

"எனக்கும் தெரியாமத்தான் போன வாரம் கேட்டேன். ஆனா ஓடினாலும் ஒண்ணும் கிழிக்க முடியாது. எந்த போர்ட்டுன்னு தெரியணுமே."

அது என்ன என்று அவள் மறுநாள் தெரிந்துகொண்டாள். ஒரு பெரிய கட்டடத்துக்கு எண் போட்ட ஏராளமான வாசல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசல்களுக்குத்தான் போர்ட் என்று பெயர். சர்வர் எந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த எண்ணைப் போட்டுத் தட்டினால்தான் பதில் வரும். எண்ணே போடாமல் தட்டுகிறவர்களை இணையம் பொதுவாக எண்பதாம் வாசலுக்குக் கொண்டுபோய் விடும். இது ஸ்விட்ச்சுக்குத் தெரியும், கண்காணிப்பாளருக்குத் தெரியும், துறையில் எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப அதை எண்பதுலயே உட்கார வைக்க வேண்டியதுதானே சார்?" என்று கேட்டாள்.

கண்காணிப்பாளர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "எண்பதா! இந்தத் துறையில போர்ட்டெல்லாம் பதவி மூப்புப்படி ஒதுக்கியிருக்கும்மா. இயக்குநருக்கு ஒண்ணு. இணை இயக்குநருக்கு ரெண்டு. நான் ஏழு. ஏழுக்கு வர எனக்கு என்ன பாடு தெரியுமா? அன்னிக்கு யார் பொறுப்புல இருக்காங்களோ, அவங்க போர்ட்லதான் சர்வர் உட்காரும். எண்பதுங்கிறது கழிவறை கழுவறவர் இடம். எங்க இயக்குநர் உத்தரவு அங்கேயிருந்தா வெளிய வரணும்? துறையோட மானம் என்ன ஆகும்?"

"சரி சார். இன்னிக்கு எந்த போர்ட்?"

"அது ரகசியம். எண்ணைச் சொன்னா, எந்த அதிகாரி லீவுல இருக்கார்னு வெளிய தெரிஞ்சிடுமே."

சிறைக்கு மட்டும் அந்த எண்ணை முத்திரையிட்ட உறையில் வைத்து ஆள் மூலம் அனுப்புவார்கள். உறை போய்ச் சேர்வதற்குள் லீவில் இருந்த அதிகாரி திரும்பி வந்திருப்பார், சர்வரும் இடம் மாறியிருக்கும். காவலர் பொறுப்பாக ஃபோன் செய்து 'ஓடுதா?' என்று கேட்பார். இவர்கள் நிறுத்திப் பார்த்து, 'நீங்க கேட்டப்ப ஓடிச்சு' என்று உறுதி சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் பழைய எண்ணைப் போட்டுப் பார்ப்பார், திறக்காது. இருபக்கமும் கடமை தவறியவர்கள் ஒருவர்கூடக் கிடையாது. வயிற்றெரிச்சல் என்னவென்றால் அதுதான்.

புதன்கிழமை தம்பியைப் பார்க்கப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவனைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. கன்னம் ஒட்டியிருந்தது.

"என்னடா இப்படி ஆயிட்ட? சாப்பிடறியா இல்லையா?"

"சாப்பாடு போடறதில்லக்கா."

"ஏன்?"

"நான் விடுதலை ஆயிட்டேனாம். விடுதலை ஆனவனுக்கு எப்படி சோறு போடறது, கணக்கு இடிக்கும்ங்கிறாங்க." சிரிக்கப் பார்த்தான். "பக்கத்துல இருக்கிறவங்க ஆளுக்கு ஒரு வாய் தராங்க. கொலைகாரங்கதான். நல்லவங்க."

தையல்காரி காவலரிடம் சண்டைக்குப் போனாள். காவலர் வருத்தத்தோடுதான் பதில் சொன்னார். "வெளியில விடறதுக்கு திரையில வரணும்மா. சாப்பாட்டை நிறுத்தறதுக்குத் தாள் போதும்."

"நீங்களெல்லாம் நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டாள். காவலர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, இடுப்பில் வலி இருப்பதாகச் சொன்னார்.

அன்று மதியம் துறையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் தலைக்கு மேல் காற்று வராததை அவள் கவனித்தாள். தாழ்வாரத்து மின்விசிறி ஒன்றுகூட ஓடவில்லை. எல்லாம் பழுது. ஆனால் எதிரே, பூட்டி அரக்கு முத்திரை வைத்த ஒரு காலி அறைக்குள் மட்டும் ஒரு மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளில்லாத நாற்காலிக்கு அப்படி ஒரு காற்று.

"அது ஏன் சார் அங்க மட்டும் ஓடுது?"

ஸ்விட்ச் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது மேல புகார் இருக்கும்மா. ஒரு கோப்பைப் பறக்கடிச்சிடுச்சுன்னு. விசாரணையில இருக்கிற பொருளை யாரும் தொடக்கூடாது. எந்த நிலையில இருந்துச்சோ, முடிவு வர்ற வரைக்கும் அதே நிலையில இருக்கணும். ஓடிட்டிருந்தப்ப முத்திரை வச்சாங்க. அப்போ நான் இங்க சேரவே இல்ல."

"விசாரணை எப்ப முடியும்?"

ஸ்விட்ச் அவளை வினோதமாகப் பார்த்தார். விசாரணை முடியும் என்று ஒருவர் எதிர்பார்ப்பதை அவர் அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்.

தையல்காரி அந்த மின்விசிறியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார்.

வியாழக்கிழமை காலையிலேயே நின்ற சர்வர் அன்று முழுக்க ஓடவே இல்லை. புதிதாக வந்த ஒரு பெண்மணி, பாவம், விவரம் தெரியாமல் வாசலிலேயே கேள்வியைக் கேட்டுத் தொலைத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்துவதற்குள் ஸ்விட்ச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை சிறையிலிருந்து வழக்கமான ஃபோன் வந்தது. ஏற்கெனவே நின்றிருந்த இயந்திரத்தை, சோதனைக்கு மட்டும் உத்தரவு தேவையில்லை என்பதால், ஒரு தடவை தொடங்கி மறுபடி நிறுத்தினார்கள். உச்சிவேளை தாண்டித்தான் இயக்குநர் வந்தார். பின்னால் கண்காணிப்பாளர், அவருக்குப் பின்னால் ஸ்விட்ச். பெஞ்சில் இருந்த ஜனம் எழுந்து நின்றது. இயக்குநர் கண்ணாடி அறைக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். தொடக்கத்துக்கு முன் சில வார்த்தைகள் பேசாமல் அவர் எதையும் தொடங்குவதில்லை.

"பொதுமக்களே, சிலர் கேட்கிறாங்க, சர்வர் ஏன் நின்னு நின்னு ஓடுதுன்னு. நான் கேட்கிறேன், ஒரே மூச்சா ஓடிட்டே இருந்தா, நாங்க எதுக்கு இருக்கோம்? அது பாட்டுக்கு ஓடும், நீங்க பாட்டுக்கு பாப்பீங்க, போயிட்டே இருப்பீங்க. இந்தக் கட்டடம் எதுக்கு? இத்தனை அதிகாரிகள் எதுக்கு? எங்க குடும்பமெல்லாம் என்ன ஆகுறது? இதையும் நீங்க கொஞ்சம் யோசிக்கணும். மக்கள் சேவைன்னா, மக்கள் எங்களுக்குப் பண்றதும் அதுல அடக்கம்."

கண்காணிப்பாளர் கைதட்டினார். ஸ்விட்ச் உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது.

"ஓடுகிறது" என்று இயக்குநர் அறிவித்தார்.

"ஐயா!" என்று தையல்காரி முன்னால் வந்தாள். "ஒரு புகார் ஐயா. இந்தத் துறையில என்கிட்ட லஞ்சம் கேட்டாங்க."

கண்காணிப்பாளர் ஸ்விட்ச்சைப் பார்த்தார். ஸ்விட்ச் கண்காணிப்பாளரைப் பார்த்தார். இயக்குநர் இருவரையும் பார்த்தார், பிறகு தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

"யார்?" என்றார். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அவள் கண்ணாடியைக் காட்டினாள். "இது."

"இதுன்னா? சர்வரா?"

"ஆமா ஐயா."

"வாயைத் திறந்து கேட்டுச்சா?"

"வாயைத் திறந்து யாரு ஐயா கேட்கிறாங்க? ஆணை உள்ள இருக்கு. எல்லாம் சரியா இருக்கு. ஆனா எடுத்துத் தரல. இல்லன்னும் சொல்லல. நான் நிக்கிறேன், அது பாட்டுக்கு விளக்கை எரியவிட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அலைய விடுது. அதுக்கு என்ன ஐயா அர்த்தம்?"

அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த அதிகாரிகள் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்காணிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய சொந்தப் பாணியை அவ்வளவு துல்லியமாக யாரும் அதுவரை சொன்னதில்லை.

இயக்குநரின் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது. பிறகு பூரிப்பே வந்துவிட்டது.

"கேட்டீங்களா எல்லாரும்? எத்தனை வருஷமா நம்ம துறையில லஞ்சம் லஞ்சம்னு ஊரெல்லாம் பேசிச்சு! எனக்கு ராத்திரியில தூக்கம் கிடையாது, யார்கிட்ட யார் வாங்கினாங்களோ, எனக்கு வர வேண்டியது வந்துச்சோ இல்லையோன்னு. கடைசியில பாத்தா குற்றவாளி இது! மனுஷங்க ஒருத்தர்கூட இல்ல!" தையல்காரியைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, நீங்க இந்தத் துறையோட மானத்தைக் காப்பாத்திட்டீங்க. கண்காணிப்பாளரே, அறைக்கு உடனே முத்திரை வைங்க!"

"நிறுத்திட்டு வைக்கவா சார்?" என்றார் ஸ்விட்ச், வழக்கத்தை விட முடியாமல்.

தையல்காரிக்கு மூச்சே நின்றுவிட்டது.

"முட்டாள்! விசாரணைப் பொருளைத் தொடலாமா? சாட்சியத்தைக் கலைச்சேன்னு நாளைக்கு உன் மேல வரும். ஓடுதுன்னா ஓடுற நிலையிலேயே முத்திரை." இயக்குநர் திரும்பினார், சட்டென்று நின்றார். அவர் நெற்றி சுருங்கியது. "ஒரு நிமிஷம். இப்ப அது எந்த போர்ட்ல உட்கார்ந்திருக்கு?"

"ஒண்ணுல சார். உங்க போர்ட்" என்றார் கண்காணிப்பாளர்.

"என் போர்ட்லயா! லஞ்சம் கேட்டது என் இடத்துலயா உட்கார்ந்திருக்கு? தள்ளு! கடைசிக்குத் தள்ளு!"

"கடைசின்னா எண்பது சார். கழிவறை..."

"அங்கதான் அது உட்காரணும். தள்ளிட்டு அப்புறம் முத்திரை வை!"

ஸ்விட்ச் அவசர அவசரமாக எண்ணை மாற்றித் தட்டினார். பச்சை விளக்கு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. கதவைப் பூட்டினார்கள், அரக்கை உருக்கி ஊற்றினார்கள், கண்ணாடியில் அறிவிப்பை ஒட்டினார்கள். 'விசாரணைப் பொருள்: சர்வர். நிலை: ஓடிக்கொண்டிருக்கிறது. போர்ட்: 80. எவரும் தொடக்கூடாது.' சர்வர் ஓடுகிறதா, ஓடினால் எந்த போர்ட்டில் என்ற கேள்விக்கு அந்தத் துறை தோன்றிய நாளிலிருந்து வெளியிட்ட ஒரே பதில் அதுதான். வாத்தியார் அதை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேருந்துக்கு ஓடினார். பெஞ்சுகள் காலியாகின. தையல்காரி அதற்கு முன்பே வாசலைத் தாண்டியிருந்தாள்.

சிறைவாசலில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காவலர் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"திறந்து பாருங்க சார். எண்ணெல்லாம் வேண்டாம். சும்மா திறங்க."

"கேட்காம திறக்கக் கூடாதும்மா" என்று காவலர் ஃபோனை எடுத்தார்.

இரண்டு நாளுக்கு முன்பென்றால் அவர் கையைப் பிடித்திருப்பாள். இப்போது புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "கேளுங்க சார். நல்லா கேளுங்க."

மறுமுனையில் ஸ்விட்ச்சின் குரல் பரிதாபமாகக் கேட்டது. "சோதிக்க முடியாதுங்க. கதவுக்கு முத்திரை வச்சாச்சு. தொடக்கூடாதாம். நோட்டீஸ்ல ஓடுதுன்னு போட்டிருக்கு. இயக்குநர் கையெழுத்து இருக்கு."

காவலர் ஃபோனை வைத்தார். பக்கத்தைத் திறந்தார். திறந்தது. அவர் பதறிப்போய் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அத்தனை வருட வேலையில் அது திறந்து அவர் பார்த்ததில்லை. தம்பியின் ஆணை அங்கே இருந்தது, திங்கட்கிழமையிலிருந்து அங்கேயேதான் இருந்தது.

இன்றுவரை அந்த சர்வர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆணைகள் மடமடவென்று வந்துகொண்டிருக்கின்றன. துறையில் லஞ்சத்தை ஒழித்ததற்காக இயக்குநருக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. நிறுத்த எதுவும் இல்லாததால் ஸ்விட்ச்சுக்குச் சலிப்புத் தட்டி, தாழ்வார விளக்குகளை நிறுத்தித் தொடங்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் தம்பி வெளியே வந்தபோது கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. தையல்காரி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழவில்லை. நேராக எதிரே இருந்த கடைக்கு இழுத்துப்போய், முதலில் சாப்பிடு, அப்புறம் பேசு என்றாள். இரண்டு தட்டு காலியான பிறகுதான் அவன் நிமிர்ந்தான்.

"எப்படிக்கா என்னை வெளிய எடுத்த?"

"அந்த சர்வரைத் தூக்கி உள்ள போட்டுட்டேன்டா. லஞ்சம் கேட்டுச்சுன்னு புகார் கொடுத்து."

அவன் வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினான். முகம் வாடிவிட்டது.

"பாவம்க்கா அது. ஒண்ணும் பண்ணலயே."

"நீ மட்டும் என்னடா பண்ணின?" என்று கேட்டுவிட்டு, அவன் தட்டை இன்னொரு தடவை நிரப்பச் சொன்னாள்.